ஒரு துளையும் ஒரு தொழிலும்

காணியை இழந்தவருக்குக் கைத்தொழில் ஒரு பற்றுக்கோடு. அந்தத் தொழிலுக்காகக் கடன்பட்டு, கையிலிருப்பதையும் இழக்கும் நிலைக்கு நம் குடும்பங்கள் வரலாகாது.

1990இலும், வாகரைப் போரின்போது 2006இலும், வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வாழைச்சேனைப் பக்கம் வந்தவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்று தச்சுப் பட்டறைகளில் நிற்கிறார்கள். இப்போது கட்டப்படும் வீடுகளின் சமையலறை அலுமாரிகளுக்கு வெளியே தெரியாத பிணைச்சல்களையே கேட்கிறார்கள். இதற்குத் தனி இயந்திரம் வேண்டும் என்கிறார்கள் விற்பனையாளர்கள். வேண்டாம் என்பதே நமது கருத்து.

இப்பிணைச்சலின் கிண்ணத்துக்குப் பொதுவாக 35 மில்லிமீற்றர் அகலமும் 12 முதல் 13 மில்லிமீற்றர் ஆழமும் கொண்ட துளை தேவை. கதவுப் பலகையின் தடிப்போ 16 அல்லது 18 மில்லிமீற்றர்தான். கைத்துளைப்பான் சற்றுச் சரிந்தாலும் துளை மறுபக்கம் வந்துவிடும், பலகை வீணாகும். ஆகவே தேவைப்படுவது விலையுயர்ந்த இயந்திரமன்று, அசையாத பிடிப்பு.

பல பட்டறைகளில் உள்ள தூண் துளை இயந்திரமே போதும். அதன் மேசையில் நேரான சட்டமொன்றை இறுக்குங்கள். துளைக்கும் கதவின் விளிம்புக்கும் இடையில் 4 மில்லிமீற்றர் விட வேண்டுமானால், அலகின் நடுவிலிருந்து சட்டம் 21.5 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும்; துளையின் பாதி அகலமான 17.5உடன் 4ஐக் கூட்டியதே இக்கணக்கு. ஆழத்தடையைப் பூட்டுங்கள். சட்டத்தின் இருபுறமும் தடைக்கட்டைகள் வைத்தால், இடக்கதவும் வலக்கதவும் ஒரே அளவில் அமையும். விளிம்பால் வழிநடத்தப்படும் தட்டையடி அலகே இதற்கு உகந்தது; பெஞ்சமின் போர்ஸ்ட்னர் என்பவர் 1874இல் காப்புரிமை பெற்ற வகை அது. வேகத்தைக் குறைத்து, முதலில் கழிவுப் பலகையில் துளைத்துப் பாருங்கள். பலகையைக் கவ்வியால் இறுக்குங்கள். கையுறை அணியாதீர்கள், தளர்ந்த உடை இயந்திரத்தில் சிக்கும்.

தூண் இயந்திரம் இல்லாத பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து ஒன்றை வாங்கலாம். பொதுப்பொருள் கவனிப்பாரற்றுப் போகும் என்பார்கள். பொறுப்பாளர் ஒருவரும், பாவிப்பு முறைப் பதிவேடும், பழுதுபார்க்கச் சிறு தொகையும் இருந்தால் அப்படி ஆகாது. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டவர்கள் நாம்.

1950களில் எழுந்த காகித ஆலை, இரும்போடு பழகும் அறிவை இவ்வூருக்குத் தந்தது. அந்தப் பழைய கைகளிடம் கேளுங்கள். சட்டம் செய்வதற்கு வங்கியிடம் போகத் தேவையில்லை.