வாளையார் செக்போஸ்ட்டும் இம்யூனிட்டி பவுடரும்

ஸ்கார்பரோவில் நான் காய்கறி வாங்கும் தமிழ்க் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி இருக்கிறது. பொடி, லேகியம், கஷாயம், மாத்திரை என்று விதவிதமாக. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான், "நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்." 2020-ல் கொரோனாவோடு வந்த அலமாரி, கொரோனா அடங்கியும் போகவில்லை.

எனக்குப் பொடி மேல் ஒன்றும் கோபமில்லை. மிளகும் மஞ்சளும் ரசத்தில் வந்தால் நானே இரண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பேன். கோபமெல்லாம் அந்தக் "கூட்டும்" என்ற சொல் மேல்தான். கூட்டுவதும் கழிப்பதும் வங்கியில் இருக்கிற எனக்குத் தொழில். இம்யூனிட்டியை ஏதோ சேவிங்ஸ் கணக்கு பாலன்ஸ் மாதிரி, போடப் போட ஏறும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை.

நான் வளர்ந்தது வாளையாரில். கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகிற பாதையில் கேரளம் தொடங்குகிற இடம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே வணிகவரி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தக்காளி வெயிலில் வேகும், டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவார்கள். லாரி பற்றாக்குறை என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எது போகலாம், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில்தான் சிக்கலே.

உடம்பிலும் ஏறக்குறைய இதே கதைதான். நம் எதிர்ப்புப் படையில் டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு. எந்த செல்லை எடுத்தாலும் அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. உப்புகள் அதைத் தாங்களாகத் தாண்ட முடியாது. அவற்றுக்கென்று சவ்வில் புரதத்தாலான வாசல்கள் உண்டு, சேனல் என்பார்கள். கால்சியத்துக்குத் தனி, பொட்டாசியத்துக்குத் தனி, தண்ணீருக்குக்கூடத் தனி. (தண்ணீர் வாசலைக் கண்டுபிடித்த பீட்டர் ஏகரும், பொட்டாசியம் வாசலின் வடிவத்தைக் காட்டிய ராடரிக் மெக்கினனும் 2003-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.)

நிணநீர்க் கணுவில் ஊர்ந்து திரியும் டி செல், தனக்குரிய எதிரியின் துண்டைப் பார்த்ததும் கால்சியம் வாசல் திறக்கிறது. கால்சியம் உள்ளே ஏறினால் செல் நின்று வேலையை ஆரம்பிக்கும். கால்சியம் தொடர்ந்து வரவேண்டுமானால் பொட்டாசியம் வெளியே போயாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே மின்னேற்றம் சேர்ந்து கால்சியத்தின் வரத்து குறைந்துவிடும். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. டபுள் என்ட்ரியேதான்! காமர்ஸ் படித்தவன் இதில் சொக்கிப் போகாமல் என்ன செய்வான்?

அந்தக் கால்சியம் வாசலுக்கு 2006-ல் ஓராய் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசலின் காவலர்களுக்கு அந்தப் பெயர். அதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவர்கள், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி செயல்படாத குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் டி செல்களின் எண்ணிக்கை குறையவில்லை! மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, வாசல் திறக்காமல் போனதுதான் கோளாறு. "கூட்டும்" பொடி விற்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

பொட்டாசியம் வாசலின் கதையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். வேலூர் சிஎம்சியில் மருத்துவம் படித்த ஜார்ஜ் சாண்டி. மனித டி செல்லில் பொட்டாசியம் சேனல் இருப்பதை 1984-ல் கலிபோர்னியாவின் இர்வைனில் இருந்து டிகோர்சி, குப்தா, கஹாலன் ஆகியோருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த வாசலுக்கு இன்று கேவி 1.3 என்று பெயர். சொந்த உடம்பையே தாக்கும் நோய்களில், திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட ஒரு ரக டி செல்கள் இந்த வாசலை மிக அதிகமாக வைத்திருக்கின்றன என்று பின்னால் தெரிந்தது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோயாளிகளின் மூட்டுநீரில் எடுத்த டி செல்களிலும் இதையே பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள்.

கரீபியன் கடலில் கடல் சாமந்தி என்றொரு பிராணி, பார்க்கப் பூ மாதிரி இருக்கும். அதன் விஷம் இந்த வாசலை அடைக்கும். அதைத் திருத்திச் செய்த மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, அழற்சி கண்ட காதுக்குள் டி செல்கள் நகர்வதை நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள் (2008). வம்பு செய்யும் அந்த ரக செல்களின் ஓட்டம் அடங்கியது. நிணநீர்க் கணுவில் மற்ற டி செல்கள் வழக்கம்போலத் திரிந்துகொண்டிருந்தன. எனக்குப் பிடித்த இடம் இதுதான். செக்போஸ்ட்டையே இழுத்து மூடவில்லை, கள்ளச்சரக்கு லாரியை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். டாலசடைட் என்ற பெயரில் சோரியாசிஸ் நோயாளிகள் சிலருக்கும் கொடுத்துப் பார்த்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். கடைக்கு இன்னும் வரவில்லை.

மொத்தமாக மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நடாலிசுமாப் என்ற மருந்து சேனலைத் தொடுவதில்லை, வெள்ளையணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும். 2004-ல் அமெரிக்காவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு அனுமதி கிடைத்தது. காவல் இல்லாத மூளையில் ஒரு வைரஸ் புகுந்துகொண்டதால் 2005-ல் நிறுத்தினார்கள். கடும் நிபந்தனைகளோடு 2006-ல் திரும்ப வந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா மகள். வாளையாரில் இருக்கிறாள், பல வருஷமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரம் ஒருமுறை மாத்திரை. 2020 மே மாதம் பாஸ் இல்லாமல் வந்த ஜனங்கள் வாளையார் எல்லையில் நின்றுகொண்டிருந்த நேரம், சொந்தத்தில் ஒரு பெரியவர் போன் பண்ணி, "அந்த மாத்திர சக்தியக் கொறச்சுப்போடும் கண்ணு, நிறுத்திப்போட்டு இந்தப் பொடியத் தின்னு" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனசோடுதான். அக்கா யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் விரல்கள் வீங்கி, சோறு பிசைய முடியவில்லை. மறுபடி மாத்திரை ஆரம்பித்து வீக்கம் வடிந்தாலும் வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது என்று மூட்டு மருத்துவர்களின் சங்கங்கள் அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. வாட்ஸப்பில் அது வரவில்லை, பொடி வந்தது.

அவள் உடம்பில் எதிர்ப்புப் படைக்குக் குறைவே இல்லை. போகக் கூடாத மூட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவளிடம் போய்ச் "சக்தியைக் கூட்டு" என்பது, கலவரம் நடக்கும் தெருவுக்கு இன்னும் நாலு லாரி ஆளை அனுப்பு என்பதுபோல. அந்தப் பொடியில் நிஜமாகவே வீரியம் இருந்தால் அவளுக்கு ஆபத்து, இல்லையென்றால் காசு தண்டம். இதில் எதை அன்பு என்று பார்சல் கட்டி அனுப்புகிறோம்?

"அப்போ சாப்பாடு, தூக்கம் எதற்கும் அர்த்தமில்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. புரதமோ வைட்டமினோ குறைந்திருந்தால் அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வேண்டும். அது வேறு கணக்கு.

ஆராய்ச்சி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் பியசோ வாசல்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பங்கு கிடைத்தது. (லெபனான் போரிலிருந்து தப்பி வந்தவர், நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த ஆள்.) கொல்கத்தாவில் தீப்யமான் கங்குலியின் குழு 2024-ல் மனித டி செல்லில் பியசோ 1 என்ன செய்கிறது என்று எழுதியது. செல் நகரத் தொடங்கும்போது அந்த வாசல்கள் முன்பக்கம் போய்ச் சேர்கின்றன, அவற்றைக் குறைத்துவிட்டால் செல் போகவேண்டிய திசையில் சரியாகப் போவதில்லை. வழிகாட்டிப் பலகைபோல ஒரு வாசல்!

ஊரில் உங்கள் அக்கா, அம்மா, சித்தி யாராவது இப்படி ஒரு மருந்தில் இருந்தால், அடுத்த போனில் பொடி வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டாம். மாத்திரை தீராமல் வாங்கி வைத்திருக்கிறார்களா, ரத்தப் பரிசோதனை எப்போது, ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசினார்களா என்று கேளுங்கள். அக்காவுக்குப் போன மாதம் நான் அனுப்பியது, ஜாடி மூடியைச் சுலபமாகத் திறக்கும் ஒரு ரப்பர் பிடி. ஊறுகாய் ஜாடியைத் தானே திறந்துகொள்கிறாளாம்.