பாப்பரசர் யாருடைய அரசியலைப் பேசக்கூடாது?

கோலார் தங்கவயல் பங்கு ஒன்றின் திருவிழா மலரில் திருத்தந்தைக்கு அரசியல் எதற்கு என்று கேட்டு ஒரு நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, பங்குப் பள்ளியில் படித்து, இப்போது பெங்களூரில் வசதியாக இருப்பவர். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை, வாதம்தான் தேவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்களில் பலர் இதே வாதத்தைத்தான் இன்று ஒப்பிக்கிறார்கள்.

அவர் சொல்வது இது: பாப்பரசர் ஆன்மாக்களின் மேய்ப்பர், கூலி, குடியேற்றம், சாதி எல்லாம் அவருடைய அதிகாரத்துக்கு வெளியே இருப்பவை. பிரான்சிஸ் அந்த எல்லையைத் தாண்டிக் கம்யூனிஸ்டைப் போலப் பேசினார். 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோவும் அந்த வழியில் போனால் திருச்சபை சிதறும். போதாக்குறைக்கு, இந்தியாவில் சிறுபான்மையான நாம் வாயை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தால் நம்மை யாரும் சீண்ட மாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் ஒரு இறையியல் மேற்கோள் இருப்பதால் படிக்கிறவர்கள் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பயப்படாமல் மேற்கோளைத் திறந்து பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பதிமூன்றாம் லியோ. சோஷலிசத்தைக் கண்டித்த மகான் என்று அவரைக் கொண்டாடும் கட்டுரையாளர், அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட புதிய பாப்பரசர் அதற்குப் பொருத்தமாக நடக்க வேண்டும் என்கிறார். ஏன் அந்தப் பெயரை எடுத்தேன் என்பதைப் புதியவரே தேர்வாகி இரண்டு நாளில் கர்தினால்களிடம் சொல்லிவிட்டார். 1891 மே 15 அன்று பதிமூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ என்ற சுற்றுமடல்தான் அவர் காட்டிய முதன்மையான காரணம். அந்த மடலின் முற்பகுதி தனிச்சொத்தை ஒழிக்கும் திட்டத்தை நிராகரிக்கிறது என்பது உண்மை. நம் ஆள் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார். இன்னும் சில பக்கம் புரட்டியிருந்தால், தொழிலாளியும் முதலாளியும் சம்மதித்துப் போட்ட ஒப்பந்தமாக இருந்தாலும் சிக்கனமாக வாழும் ஒருவனின் பிழைப்புக்குப் போதாத கூலி அநீதியே என்பதையும், தொழிலாளர் சங்கம் அமைப்பது இயற்கையான உரிமை, அரசு அதைத் தடுக்க முடியாது என்பதையும் பார்த்திருப்பார். பூமியின் வயிற்றுக்குள் இறங்கிக் கரியும் கல்லும் உலோகமும் எடுக்கிறவர்களுடைய உழைப்பு உடம்பைக் கெடுப்பது, ஆகவே அந்தக் கடுமைக்கு ஏற்ப அவர்களுடைய வேலை நேரம் குறைய வேண்டும் என்று அந்தப் பாப்பரசர் தனியாக எழுதி வைத்திருப்பதும் கண்ணில் பட்டிருக்கும்.

சுரங்கத் தொழிலாளிக்காக ரோமாபுரி இப்படி எழுதிய 1891இல் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த சனம், பெரும்பாலும் சேரிகளை விட்டு வந்த சனம், தட்டி வீடுகளில் அடைந்து கிடந்தது. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனை உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று; பாறை வெடித்துச் செத்தவர்கள் போக, பிழைத்தவர்களின் நுரையீரலில் கல்தூள் படிந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணையை முதுகுக்கு வைத்து, சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய இருமிக்கொண்டிருந்த மனிதர்கள் லைன்தோறும் இருந்தார்கள். 1930இல் கைரேகை பதியச் சொன்ன கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் வெடித்தபோது அவர்களுக்கென்று சட்டம் ஏற்ற சங்கம்கூடக் கிடையாது. மைசூர் சமஸ்தானம் சங்கங்களைச் சட்டப்படி ஏற்றது 1940-களின் தொடக்கத்தில், லியோ எழுதி அரை நூற்றாண்டு கழிந்த பிறகு.

கம்பெனித் துரைகள் அந்த மடலைப் படிக்கவில்லை என்பது புரிகிறது. படித்திருந்தால் அவர்களுடைய லாபக் கணக்கு உதைத்திருக்கும். சுரங்கத்தில் இறங்கியவனின் பேரன், அதுவும் இறையியல் மேற்கோள்களை அள்ளி இறைக்கிற பேரன், தன் தாத்தாவின் நெஞ்சுக்கூட்டைப் பற்றி ஒரு பாப்பரசர் எழுதியதைப் படிக்காமல் போனது எப்படி? படித்துவிட்டு மறைத்திருந்தால் அது அறியாமையைவிட மோசமல்லவா?

அடுத்தது இரண்டாம் ஜான் பால். கட்டுரையில் மூன்று இடங்களில் அவருக்குப் புகழாரம். எதற்காக? போலந்தில் கம்யூனிசத்தை வீழ்த்தியதற்காக! 1979இல் அவர் தாய்நாட்டுக்குப் போய்த் திறந்த வெளியில் லட்சக்கணக்கானவர்களிடம் பேசியதும், மறுவருடம் கதான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் வாயிற்கதவில் அவருடைய படத்தை மாட்டியதும் அரசியல் இல்லையா? வேலைநிறுத்தத் தொழிலாளியின் பக்கம் நிற்பது போலந்தில் ஆன்மிகம், தங்கவயலின் ஊரகத்திலும் மாரிக்குப்பத்திலும் கம்யூனிசமா? அதே பாப்பரசர் 1981இல் எழுதிய ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ மடலில் மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று வாதிட்டிருப்பதைப் பற்றி நம் கட்டுரையாளர் மூச்சுவிடவில்லை.

இன்னும் ஒரு படி போகிறார். கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்கிறவர்களுக்கும் அதற்குத் துணை போகிறவர்களுக்கும் அருட்சாதனங்கள் கிடையாது என்று பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், 1949இல் வந்த ஆணை தவறா வரம் பெற்ற பாப்பரசரின் குரலாம். பிரான்சிஸின் பேச்சோ வெறும் சொந்த அபிப்பிராயமாம். தவறா வரத்தை 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தபோது, விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றித் தன் உயர்ந்த அதிகாரத்தோடு திருச்சபை முழுமைக்குமாகப் பாப்பரசர் அறுதியிட்டு அறிவிப்பவற்றோடு அதை நிறுத்திக்கொண்டது. 1950இல் மாதா விண்ணேற்பை அறிவித்தது அந்த வகை. 1949 ஆணை ஒரு ரோமச் செயலகம் பிறப்பித்த ஒழுங்கு நடவடிக்கை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைக்கே புரிகிற இந்த வித்தியாசம் இவ்வளவு படித்தவருக்குப் புரியாமலா இருக்கும்? தனக்குப் பிடித்த அரசியலுக்குத் தவறா வரத்தின் முத்திரை வேண்டும், பிடிக்காததற்கு வேண்டாம். செங்கொடிச் சங்கத்துக்குச் சந்தா கட்டிய கத்தோலிக்கத் தொழிலாளியின் வீட்டில் அந்த ஆணை எப்படி வந்து விழுந்திருக்கும் என்று அவர் ஒரு நிமிடமாவது யோசித்தாரா?

இனி குடியேற்றம். அன்புக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு ஊர், பிறகு நாடு, மிச்சமிருந்தால் அந்நியர் என்று அக்குவினா தோமாவைச் சாட்சிக்கு இழுக்கிறார். இது அவர் தோமாவிடமிருந்து எடுத்ததல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ் தொலைக்காட்சியில் சொன்னது. அப்படியே வாங்கித் தமிழில் இறக்கியிருக்கிறார். பிப்ரவரி 10 அன்று பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் நல்ல சமாரியர் உவமையை வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அன்பின் வரிசையைப் பற்றி எழுதிய அதே தோமா, தன் தந்தைக்கு அவ்வளவு அவசரத் தேவை இல்லாதபோது உயிர் போகிற நிலையில் இருக்கும் அந்நியனுக்குத்தான் முதலில் உதவ வேண்டும் என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். சாட்சியை அழைத்தவர் முழுச் சாட்சியத்தையும் கேட்க வேண்டாமா?

அதிருக்கட்டும். குடியேறிகளை வெறுக்க உலகத்தில் வேறு யாருக்கு வாய் இருந்தாலும் தங்கவயல்காரனுக்கு இருக்கலாமா? இங்கே தமிழ் பேசுகிற எவருடைய கொள்ளுத் தாத்தா இந்த மண்ணிலேயே பிறந்தவர்? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய பிறகு, விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, நிற்க இடமில்லாத பெட்டியில் பெங்களூர் போய், காவலாளியாகவும் கட்டட வேலையாளாகவும் உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நகரத்தின் பார்வையில் யார்? பெங்களூர் மறைமாவட்டத்தில் திருப்பலி எந்த மொழியில் என்ற சண்டை மூண்டு, தமிழில் பூசை வேண்டாம் என்று குரல் எழுந்தபோது, மண்ணின் மைந்தருக்கே முதலிடம் என்ற வரிசையை நாம் ஏற்றுக்கொண்டோமா? கத்தோலிக்கம் என்றால் அனைவருக்குமானது என்றுதானே வாதாடினோம்? அன்று நம்மைக் காத்த வாதத்தை இன்று இன்னொருவனுக்குக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

நம் ஊர் வழக்கங்களில் ரோமாபுரி தலையிட்டதே இல்லை, இனியும் தலையிட வேண்டாம் என்பது அவருடைய அடுத்த வாதம். நம் ஊர் வழக்கம் என்று அவர் பூசி மெழுகுவது சாதியைத்தான். 1623இல் பதினைந்தாம் கிரகோரி, இயேசு சபை மறைபணியாளர் நொபிலி அடிகளின் பக்கம் நின்று, மதம் மாறிய உயர்சாதியார் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அது தலையீடு இல்லையா? ரோமின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் 1704இல், நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்க எந்தக் குருவும் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அதை எதிர்த்து நாற்பது ஆண்டு இழுபறி. கடைசியில் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்த ஆணையை உறுதிசெய்தார். கூடவே பறையருக்கென்று தனிக் குருமார் என்ற ஏற்பாட்டையும் ஒப்புக்கொண்டார். பாதி நியாயம், பாதி சரணாகதி. 2003 நவம்பரில் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களைப் பார்த்து, கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்று நேருக்கு நேர் சொன்னார். பாப்பரசர்கள் எப்போதும் சரியாகவே பேசினார்கள் என்பதல்ல என் வாதம். 1623இல் பேசியதற்கு அவர்கள் வரலாற்றின் முன் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பேசாமல் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. உயர்சாதிக்காரன் பூணூலோடு பலிபீடத்துக்கு வர ரோமாபுரி கதவைத் திறந்தபோது அது பண்பாடு, சேரிக்குள் போ என்று குருவைத் தள்ளியபோது அது அரசியலா?

கடைசியில், வாயை மூடினால் தப்பிக்கலாம் என்ற யோசனை. இதில்தான் கட்டுரையின் உண்மையான ஆசை வெளிப்படுகிறது. லைனில் பிறந்த அடையாளம் உறுத்துகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் அக்கம்பக்கத்தார் முன்னால் தொந்தரவில்லாத, நல்ல பிள்ளையான கிறிஸ்தவனாகத் தெரிய வேண்டும். அதற்கு ரோமாபுரியும் ஒத்துழைத்து வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஸ்டேன் சுவாமியைப் பற்றி, சாமியார் சாமியாராக இருந்திருந்தால் அந்தக் கதி வந்திருக்குமா என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பெங்களூரில் பல்லாண்டு பணியாற்றி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் நின்ற இயேசு சபைத் துறவி அவர். 2020 அக்டோபரில் எண்பத்து மூன்று வயதில் கைதானார். பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தார். இதைவிடச் சாமியாராக ஒருவர் எப்படி இருப்பது?

வாய்மூடியவர்கள் தப்பித்தார்களா? 2008 செப்டம்பரில் மங்களூரில் ஒரு கன்னியர் மடத்துக்குள் புகுந்து நற்கருணைப் பேழையை உடைத்தவர்கள், அந்த மடத்துக் கன்னியர் அரசியல் பேசினார்களா என்று விசாரித்துவிட்டா உள்ளே போனார்கள்? அதையும் விடுங்கள், நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தங்கவயல் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஞானஸ்நானம் பெற்ற தலித், பட்டியல் சாதியில் சேரமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசர் வழிவந்த பௌத்தர் நிற்கலாம்; பக்கத்து லைனில் அதே சாதியில் பிறந்து, அதே சுரங்கத்தில் அப்பனைப் பறிகொடுத்த கத்தோலிக்கர் தன் சொந்த ஊரில் வேட்புமனு போட முடியாது. போட வேண்டுமானால் திருமுழுக்குப் பதிவேட்டை மறைக்க வேண்டும். ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் அரசியல் வந்து எழுபத்தைந்து ஆண்டு ஆகிறது. அரசியல் பேசாத திருச்சபை இந்தப் பங்கு மக்களுக்கு என்ன செய்யும் என்று அடுத்த மலரில் அவர் எழுதட்டும். செபமாலையை நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.