வாட்ஸ் விக்கிறவரும் இடி வாங்குறவரும்

வில்லாபுரத்துல இருந்து அவனியாபுரம் போற ரோட்டுல சாயங்காலம் நின்னு பாருங்க. கார் வர்றதுக்கு முன்னாடி 'தும் தும்'னு அது வந்துரும். என்ன பாட்டுன்னு உள்ள உக்காந்திருக்கவருக்கே தெரியுமாங்கிறது சந்தேகம். சத்தம் ஜாஸ்திங்கிற புலம்பல் இல்லை மக்கா இது. அதுக்கு 2000-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு, அது நடக்குற லட்சணமும் ஊருக்கே தெரியும். என் சண்டை வேற. கைக்காசைக் கொடுத்து கெட்ட சத்தத்தை வாங்குறோமே, அதைப் பத்தி.

செட்டு டப்பா மேல '50 வாட்ஸ் x 4'னு போட்டிருக்கும். கணக்குப் போடுவோமா? (பி.காம். படிக்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்குறீங்க.) இஞ்சின் ஓடும்போது பேட்டரி லைன்ல சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாத செட்டு, 4 ஓம் ஸ்பீக்கருக்கு அலை கெடாம தரக்கூடிய உச்சம், 14.4-ஐ அதாலயே பெருக்கி, 4-ஆல வகுத்து, அதுல பாதி. 26 வாட்ஸ். சேதாரம் போக 20 சொச்சம் நின்னா பெரிசு. அப்ப 50 எங்கருந்து வந்துச்சு? அந்தப் பாதியாக்குறதை விட்டுட்டா 52 வரும். அதாவது அலையோட தலையையும் காலையும் வெட்டி சதுரமாக்கினா வர்ற வாட்ஸ். மொத்த விற்பனையை நிகர லாபம்னு காட்டுற கணக்கு இது. எங்க கிளாஸ்ல இப்படி எழுதுனா முட்டைதான்.

எங்க பெரியப்பா மகன் டிராவல்ஸ் வண்டி ஓட்டுறார். வட்டிக்கு வாங்கி 22 ஆயிரம் போட்டு 12 இஞ்ச் வூஃபர் பெட்டி, ஆம்ப் எல்லாம் மாட்டினார். மாட்டின கடைக்காரர் ஃபில்டர் பக்கமே போகலை. மூணே மாசத்துல முன் கதவு ஸ்பீக்கர் ரெண்டும் கரகர. போய்க் கேட்டா, "இன்னும் பெரிசா போடுங்கண்ணே"ங்குறாங்க.

பெரிசு சிறிசு இல்லைய்யா விஷயம். ஒரே அளவு சத்தத்துக்கு, அலைவரிசை பாதியாகும்போது கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடணும். 80 ஹெர்ட்ஸ்ல ஒழுங்கா வேலை பார்க்குற ஆறு இஞ்ச் ஸ்பீக்கரை 40-ஐயும் வாசின்னா அது கிழியத்தான் செய்யும். இந்த வேலைப் பிரிவினைக்குப் பேர்தான் க்ராஸ்ஓவர். 80-க்குக் கீழ வூஃபருக்கு, மேல கதவுக்கு. எச்.பி. கம்பெனி இஞ்சினியர்கள் லிங்க்விட்ஸும் ரைலியும் யோசிச்சதை லிங்க்விட்ஸ் 1976-லயே கட்டுரையா எழுதிட்டார். பிரியுற இடத்துல ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா வாசிச்சு, சேரும்போது மேடு பள்ளம் இல்லாம இருக்கணும். அவ்வளவுதான் சூத்திரம்.

"அதெல்லாம் பணக்காரன் வேலை, நம்மூருக்கு இடிதான் வேணும்"னு ஒரு குரூப் கிளம்பும். பணக்காரன் வேலையா? பல செட்டுலயும் ஆம்ப்லயும் அந்த ஃபில்டர் ஏற்கனவே இருக்கு, திருகத்தான் ஆள் இல்லை. 4 ஓம் ட்வீட்டரை 4000 ஹெர்ட்ஸ் வாக்குல பிரிக்க 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போதும் (கடைல கண்டன்சர்னு கேளுங்க, ப்ளஸ் மைனஸ் இல்லாத வகையா வாங்குங்க). ஒரு புரோட்டா பார்சல் காசு. வூஃபர் வயர்ல ப்ளஸ் மைனஸை மாத்திப் பார்த்து, எப்ப பேஸ் கனமா கேக்குதோ அப்படியே விடுறதுக்கு அந்தக் காசும் வேண்டாம்.

அந்த 'இடி'யாவது உருப்படியா இருக்கா? பேஸ் கிடாரோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. இளையராஜா பாட்டுல அந்தக் கிடார் சும்மா தாளம் தட்டாது, ஏறி இறங்கித் தனியா ஒரு மெட்டே பாடும். கணக்கில்லாம அடிச்ச ஓட்டைப் பெட்டியில எல்லாச் சுரமும் ஒரே 'தும்'. அவர் எட்டு சுரம் எழுதினா நமக்கு ஒரே சுரம் எட்டு தடவை கேக்குது. அதுக்குத்தான் 22 ஆயிரம்! இதை ரசனைன்னு சொல்லி மதுரைக்காரன் தலைல கட்டாதீங்க.

அண்ணன் வண்டில இப்ப 80-ல வெட்டியாச்சு. கதவு ஓட்டையையும் அடைச்சு, பழைய அளவுலயே ஸ்பீக்கர் மாத்தியாச்சு. பெட்டி அதேதான். வட்டி மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.