குழாய்க்கும் நாடி பார்க்க வேண்டும்

குழாயைத் திறந்தால் நூல் இழை மாதிரி தண்ணீர். குடம் நிறைவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடுகிறது. மாடியில் குளிக்கப் போனவர் தலையில் சோப்புடன், "என்ன ஆச்சு தண்ணீருக்கு?" என்று குரல் கொடுக்கிறார். உடனே வீட்டில் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறிவிடும். "மோட்டார் போய்விட்டது! இன்னும் பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம்!"

சகோதரிகளே, அவசரப்பட்டுப் பணப் பெட்டியைத் திறக்காதீர்கள். வயிற்று வலி என்று வந்தவருக்கு எந்த டாக்டராவது எடுத்த எடுப்பில் கத்தியைக் கையில் எடுப்பாரா? எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்கமாட்டாரா? குழாய்க்கும் அப்படித்தான்.

நம் வீடுகளில் பெரும்பாலும் மோட்டாரின் வேலை, கிணற்றுத் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டியில் ஏற்றுவதோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தண்ணீர் தன் பாரத்தாலேயே குழாய்க்கு இறங்கி வருகிறது. ஆகவே முதல் கேள்வி இது: தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதா? இருந்தும் குழாயில் வேகம் இல்லையென்றால் மோட்டார் நிரபராதி. தொட்டி நிரம்பவே நேரமாகிறது என்றால்தான் மோட்டாரையும் கிணற்றையும் விசாரிக்க வேண்டும்.

தொட்டி நிறைந்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரே ஒரு குழாயில் மட்டும் தகராறா? அதன் வாயில் உள்ள சிறு சல்லடையைத் திருகி எடுத்துப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்துக் கொண்டிருக்கும். இரவு முழுவதும் வினிகரில் ஊறப் போட்டு, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தீர்ந்தது.

எல்லாக் குழாய்களிலும் ஒரே கதையென்றால் தொட்டியிலிருந்து இறங்கும் வழியைப் பாருங்கள். அடியில் வண்டல் படிந்து துவாரத்தை மறைத்திருக்கலாம். வால்வின் கைப்பிடி சுற்றும். ஆனால் உள்ளே இருக்கும் தகடு கழன்று வழியை மறித்தபடி கிடக்கும். தொட்டி கழுவிய மறுநாள் தொல்லை ஆரம்பித்ததென்றால், குழாய்க்குள் காற்று அடைத்துக் கொண்டிருக்கலாம். எல்லாக் குழாய்களையும் சற்று நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேல் மாடி ஷவர் மட்டும் வீடு கட்டிய நாள் முதலே சோனியாக இருக்கிறதா? அது வியாதியே அல்ல. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு 2 மீட்டர் கீழே உள்ள ஷவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். தொட்டியை உயர்த்தினால் பலன் உண்டு. கிணற்று மோட்டாரை மாற்றினால் ஒரு பலனும் இல்லை.

இனி, தொட்டி நிரம்பவே தாமதமாகிற வீட்டுக்கு வருவோம். சாயங்காலம் மட்டும் மெதுவாக ஏறுகிறதென்றால் மின்சாரத்தின் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டியிருந்தால், கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். தண்ணீரோடு காற்றுக் குமிழிகளும் வந்தால், உறிஞ்சும் குழாயின் இணைப்பு எங்கோ விட்டிருக்கலாம். இவையெல்லாம் சில்லறைச் செலவுகள். ஆனால் மோட்டாரில் கை வைக்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்தாக வேண்டும். உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவை ஒன்றும் இல்லையென்றால், கிணற்றில் நீர் மட்டம் இறங்கியிருக்கிறது. கிணற்று மேட்டில் உள்ள மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றின் பலம் கணக்குப்படி சுமார் 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. குதிரை சக்தியைக் கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மோட்டாரைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். அல்லது தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளும் மோட்டார் போட வேண்டும்.

அந்த நீர்மூழ்கி மோட்டாருக்கும் ஒரு எல்லை உண்டு. ஊற்று கொடுப்பதற்கு மேல் அதனால் எடுக்க முடியாது. காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் உடனே நிறுத்துங்கள். சுற்றியுள்ள தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. வறண்டு ஓடினால் உள்ளே கம்பிச் சுருள் கருகிவிடும். சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஊற்று ஊறியபின் மறுபடி ஓட்டுங்கள். அந்தச் சமயத்தில் பெரிய மோட்டார் போடுவது, மடி வற்றிய பசுவை இன்னும் பலமாகக் கறப்பது போலத்தான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது சென்னைப் பெண்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றது மறக்கக்கூடியதா? தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று வெட்டிய குழியில் இன்று மணலும் சருகும் அடைத்துக் கிடந்தால் மழை பெய்து என்ன லாபம்? ஐப்பசி மழைக்கு முன் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. காலி வாளி நிறைய எத்தனை விநாடி, தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் என்று மாதம் ஒரு முறை, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். வாளி நிறைய நேரமானால் கோளாறு தொட்டிக்குக் கீழே. தொட்டி நிரம்ப நேரமானால் அதற்கு முன்னால். பிளம்பர் வந்து, "மோட்டாரை மாற்றணும் அம்மா" என்று சொல்லும்போது, அந்தக் காலண்டரை அவரிடம் காட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.