வதந்திக்குப் பலியான சிற்றூர்

'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. தீர விசாரிக்காமல், காதால் கேட்டதை அப்படியே நம்பினால் என்ன நேரும்? இக்கேள்விக்கு நானூறு ஆண்டுகளாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது ஒரு சிற்றூர். அதன் பெயர் சுகர்ராமுர்டி.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரான்சு எல்லையை ஒட்டியுள்ள நவார்ரா மாநிலத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. இங்கு வாழ்வோர் பாஸ்க் மக்கள். அவர்களுக்கென்று தனிமொழி உண்டு. அம்மொழிக்கு ஸ்பானிய மொழியுடனோ பிரெஞ்சு மொழியுடனோ எந்த உறவும் இல்லை. பசுமையான மலைச்சரிவுகள், மேயும் ஆடுகள், வெள்ளையடித்த கல்வீடுகள், நடுவே ஒரு தேவாலயம் என்று ஊர் அமைதியாகக் காட்சியளிக்கும். மக்கள்தொகையோ முந்நூறுக்கும் குறைவு. ஆயினும், இச்சிற்றூரை நாடி ஆண்டுதோறும் ஏராளமான சுற்றுப்பயணிகள் வருகின்றனர். அவர்களை ஈர்ப்பது ஊருக்கு வெளியே உள்ள ஒரு குகை.

ஊரிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அக்குகையை அடையலாம். ஓர் ஓடை பாறையைக் காலங்காலமாக அரித்து, இருபுறமும் திறந்த பெரிய சுரங்கம் போன்ற வழியை உண்டாக்கியிருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். அந்த ஓடைக்கு 'நரக ஓடை' என்று பெயர். குகையை மக்கள் 'சூனியக்காரிகளின் குகை' என்று அழைக்கின்றனர். சூனியக்காரர்கள் இரவில் ஒன்றுகூடுவதைக் குறிக்கும் 'அகெலார்ரே' என்னும் சொல்லும் பாஸ்க் மொழியிலிருந்து வந்ததே. 'ஆட்டுக்கடாவின் புல்வெளி' என்பது அதன் பொருள். சாத்தான் ஆட்டுக்கடா வடிவில் அங்கு வருவான் என்று அக்காலத்தில் மக்கள் நம்பினர்.

இயற்கை படைத்த ஓர் அழகிய குகைக்கு இத்தகைய பெயர் எப்படி வந்தது? அதற்குக் காரணம் ஒரு வதந்தி.

1608ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சில் சில காலம் தங்கியிருந்த ஓர் இளம்பெண் சுகர்ராமுர்டிக்குத் திரும்பினாள். தான் அங்கே சூனியக்காரர்களின் கூட்டத்தில் இருந்ததாகவும், இவ்வூரைச் சேர்ந்த சிலரை அத்தகைய கூட்டங்களில் கண்டதாகவும் அவள் கூறினாள். அவள் சொன்னதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. இருப்பினும், ஊரார் நம்பிவிட்டனர். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் சந்தேகித்தனர். அச்சத்தாலும் நெருக்குதலாலும் சிலர் தேவாலயத்தில் அனைவர் முன்னிலையிலும் 'குற்றத்தை' ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டனர். ஊராரும் மன்னித்தனர். சிக்கல் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால், செய்தி லோக்ரோனியோ நகரில் இருந்த சமய விசாரணை மன்றத்தின் காதுக்கு எட்டியது. 1609ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான்கு பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அச்சத்தால் பொய் சொன்ன வேறு சிலர், உண்மையை எடுத்துரைக்கத் தாமாகவே மலைகளைக் கடந்து அந்நகருக்குச் சென்றனர். அவர்களும் சிறைப்பட்டனர். பாஸ்க் மொழி மட்டுமே அறிந்தவர்கள் தங்கள் நியாயத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சிறையிலேயே நோயுற்று இறந்தனர்.

1610ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7, 8ஆம் நாள்களில் தீர்ப்பு பொதுமக்கள் முன்னிலையில் வழங்கப்பட்டது. பதினொருவருக்குத் தீயிலிடும் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் ஆறு பேர் எரிக்கப்பட்டனர். மற்ற ஐவர் ஏற்கெனவே சிறையில் இறந்துவிட்டதால் அவர்களின் உருவப் பொம்மைகள் எரிக்கப்பட்டன. இவ்வழக்கின் பெருங்கொடுமை ஒன்று உண்டு. செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர்களுள் பலர் உயிர் பிழைத்தனர். 'நாங்கள் குற்றமற்றவர்கள்' என்று இறுதிவரை உண்மையைச் சொன்ன அந்த ஆறு பேரும் தீக்கு இரையாயினர்.

தீர்ப்பு பற்றிய விவரம் அச்சிடப்பட்டுப் பரவியது. வதந்தி மேலும் பல ஊர்களுக்குச் சென்றது. அப்பொழுதுதான், தீர்ப்பு வழங்கிய மூன்று நீதிபதிகளுள் ஒருவரான அலோன்சோ டி சலசார் என்பவரின் மனத்தில் ஐயம் வலுத்தது. 1611ஆம் ஆண்டில் அவர் நேரடியாகவே ஊர் ஊராகச் சென்று விசாரிக்கத் தொடங்கினார். ஏறக்குறைய எட்டு மாதங்களில் 1,800க்கும் மேற்பட்டோர் அவர்முன் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர்.

சலசார் எதையும் கேட்டவுடன் நம்பவில்லை. சூனியக்காரர்கள் கூடிய இடம் எது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மந்திரக் களிம்பு என்று கொண்டுவரப்பட்டவற்றைச் சோதிக்கச் செய்தார். அவற்றில் எந்தச் சக்தியும் இல்லை. ஒரு குறிப்பிட்ட இரவில் ஓரிடத்தில் பெருங்கூட்டம் நடந்ததாகச் சிறுவர்கள் கூறினர். அதே இரவில் அதே இடத்தில் இருந்த சலசாரின் உதவியாளர்களோ எவரையும் காணவில்லை. இறுதியில், சூனியம் நடந்ததற்கு ஓர் ஆதாரம்கூடக் கிடைக்கவில்லை என்று அவர் அறிக்கை எழுதினார். மக்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகே சூனியக்காரர்களும் தோன்றினர் என்பது அவரின் முடிவு. அவ்வறிக்கையின் பயனாக 1614ஆம் ஆண்டில் புதிய விதிமுறைகள் வகுக்கப்பட்டன. அதன்பின், அம்மன்றத்தின் சூனிய வழக்குகளில் மரண தண்டனை நடைமுறையில் முடிவுக்கு வந்தது.

இத்தகைய கறை படிந்த வரலாற்றை ஓர் ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டுமா? பழைய புண்ணைக் கிளறுவதால் யாருக்கு நன்மை என்று சிலர் வாதிடலாம். கோட்டை, அரண்மனை, வெற்றித்தூண் போன்ற பெருமைச் சின்னங்களைக் காப்பதே போதுமானது என்றும் அவர்கள் கருதலாம். அக்கருத்து ஏற்புடையதன்று. பெருமையை மட்டும் சொல்லும் வரலாறு பாதி வரலாறே. ஒரு குடும்பத்தில் நேர்ந்த தவற்றை மறைத்தால், அடுத்த தலைமுறை அதே தவற்றைச் செய்யக்கூடும். ஊருக்கும் அஃது பொருந்தும். மேலும், பலியானவர்கள் கெட்டவர்கள் அல்லர், அப்பாவி மக்கள் என்பதை ஊர் அறிவிக்காவிட்டால், அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி என்றென்றும் நீடிக்கும்.

சுகர்ராமுர்டி மக்கள் தங்கள் வரலாற்றை மறைக்கவில்லை. ஊரின் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் 2007ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தனர். அச்சமும் வதந்தியும் எளிய மக்களின் உயிரை எவ்வாறு பறித்தன என்பதை அது விளக்குகிறது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் குகைக்குச் செல்பவருக்கு அது பேய்க்கதை நடந்த இடமாகத் தோன்றாது. அநீதிக்கு ஆளானவர்களை நினைவூட்டும் இடமாகவே தோன்றும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இன்று சூனியக்காரி என்பது விற்பனைப் பொருளாகவும் ஆகிவிட்டது. துடைப்பத்தில் பறக்கும் பொம்மைகளும் வேடிக்கைப் படங்களும் சுற்றுப்பயணிகளைக் கவர்கின்றன. ஆகஸ்டு மாதத்தில் குகையில் ஆட்டிறைச்சி விருந்தும் நடைபெறுகிறது. சிற்றூர் மக்களுக்கு வருமானம் தேவை என்பதை மறுக்க இயலாது. விழா கொண்டாடுவதும் தவறன்று. ஆனால், வேடிக்கை மட்டுமே எஞ்சி, மாண்டவர்களின் துன்பம் மறக்கப்பட்டால், அந்தப் பழைய பொய்யே மீண்டும் வெற்றி பெற்றதாகிவிடும். குகையைப் பார்க்க வருவோர் அருங்காட்சியகத்திற்கும் செல்ல ஊக்குவிக்கப்பட வேண்டும். உண்மையைச் சொல்லும்போதுதான் ஒரு நினைவிடம் மதிப்புப் பெறுகிறது.

சுகர்ராமுர்டியின் கதை பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அன்று ஒரு வதந்தி மலைகளைக் கடக்கப் பல நாள்கள் ஆயின. இன்று அது கைப்பேசியின் வழி நொடிப்பொழுதில் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. வகுப்புத் தோழரைப் பற்றி யாரோ அனுப்பிய செய்தியை, உண்மையா என்று பாராமல் மற்றவருக்கு அனுப்பும் மாணவர், அன்றைய ஊராரைப் போலவே நடந்துகொள்கிறார். 'இதை யார் பார்த்தது? இதற்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கும் மாணவர், சலசாரின் வழியில் நடக்கிறார். சலசாரும் முதலில் தவறான தீர்ப்புக்குத் துணைபோனவரே. ஆயினும், தவற்றை உணர்ந்தபின் உண்மையைத் தேடிப் புறப்பட்டார். அவர் விசாரிக்க எடுத்துக்கொண்ட சில மாதங்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அதே விசாரணை தீர்ப்புக்கு முன்னதாகவே நடந்திருந்தால் அந்த ஆறு பேரும் வீடு திரும்பியிருக்கக்கூடும்.