‘டிஸ்டர்ப்’: துயரை மறைக்கும் ஒரு சொல்

தமிழ் பயிலும் மாணவரும் பயிற்றும் ஆசிரியருமாகிய நாம், ஒரு நாளில் எத்தனை முறை ‘டிஸ்டர்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆள்கின்றோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? படிக்கும் வேளையில் தம்பி பாட்டு வைத்தால், “டிஸ்டர்ப் பண்ணாதே” என்கின்றோம். தேர்வில் மதிப்பெண் குறைந்தால், “மனசு டிஸ்டர்பா இருக்கு” என்கின்றோம். நாளிதழில் ஒரு படுகொலைச் செய்தியைப் படித்தாலும், “ரொம்ப டிஸ்டர்பிங்” என்று கூறித் தாளை மடித்து வைத்துவிடுகின்றோம். பாட்டின் இரைச்சலும் மனித உயிரின் இழப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இச்சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் ஆராய்ந்து, இதனால் நாம் இழப்பது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பு

‘டிஸ்டர்ப்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்த இலத்தீன் சொல். ‘துர்பா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கூட்டம், ஆரவாரம், குழப்பம் என்பன பொருள்களாம். கலங்கிய நீரைக் குறிக்கும் ‘டர்பிட்’, கொந்தளிப்பைக் குறிக்கும் ‘டர்புலன்ஸ்’, தொல்லையைக் குறிக்கும் ‘டிரபிள்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

தமிழிலும் இதனை ஒத்த ஒரு சொற்குடும்பம் இருப்பது வியப்பிற்குரியது. புதுவெள்ளம் கலங்கல் நீராய் வருகின்றது. துன்பம் கண்டு நெஞ்சு கலங்குகின்றது. ஊர் அமைதி குலைந்தால் கலகம், கலவரம் என்கின்றோம். நீரின் நிலையைக் கொண்டே மனத்தின் நிலையையும் மக்களின் நிலையையும் குறிக்கும் வழக்கம், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகளிலும் அமைந்துள்ளது. எனவே, இச்சொல்லுக்கு நேரான சொல் நம்மிடம் இல்லாமையால் இதனைக் கடன் வாங்கினோம் என்று கூறுதற்கில்லை.

பயன்பாடும் பொருளும்

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பயன்பாடு மிக விரிந்தது. விடுதி அறையின் கதவில் தொங்கும் அட்டையில் அது, ‘உறக்கத்தைக் கெடுக்காதீர்’ என்னும் எளிய வேண்டுகோள். வானிலை ஆய்வில் ‘மேற்கத்திய இடையூறு’ என்பது, நடுநிலக் கடற்பகுதியிலிருந்து வந்து வடமேற்கு இந்தியாவுக்குக் குளிர்கால மழையைத் தருவது. அங்குக் கோதுமைப் பயிருக்கு அது இடையூறன்று, பேருதவி. மனநிலை பாதிக்கப்பட்டவரைச் சுட்டும்போதோ, அதே சொல் ஒரு மனிதரின் மீது ஒட்டப்படும் அடையாளச் சீட்டாகி விடுகின்றது.

சட்டத்தில் இச்சொல்லின் வலிமை பெரிது. 1958ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், அமைதி குலைந்ததாக அரசு கருதும் நிலப்பரப்பை ‘டிஸ்டர்ப்டு ஏரியா’ என அறிவிக்க வழி செய்கின்றது. அவ்வாறு அறிவித்தபின், உரிய எச்சரிக்கை தந்து, உயிர் போகும் அளவிற்கும் வலிமையைப் பயன்படுத்தப் படையினருக்கு அதிகாரம் உண்டு. நடுவண் அரசின் முன் இசைவின்றி அவர்கள்மீது வழக்குத் தொடர இயலாது. வடகிழக்கின் சில பகுதிகளில் இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அங்கு அமைதியைக் குலைத்தவர் யார், குலைவால் துன்புற்றவர் யார் என்பதை இவ்வொற்றைச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை. வயலுக்குச் செல்லும் உழவரும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் ஒருங்கே அச்சொல்லின் கீழ் வாழ்கின்றனர்.

நம் வகுப்பறையில் நேர்ந்தது

சட்டத்தின் குறையைச் சொல்லும் நாம், நம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவி ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, ஒருத்தன் டிஸ்டர்ப் பண்றான்” என்றார். வகுப்பில் எவனோ பேசிக்கொண்டிருக்கின்றான் போலும் என்றெண்ணி, “முன் வரிசைக்கு மாறி உட்காரம்மா” என்று கூறி அனுப்பிவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. முன் வரிசைக்கு வந்து அமர்ந்தார். இரண்டு வாரம் கழிந்து அவருடைய தந்தையார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாயில்வரை ஒருவன் நாள்தோறும் அம்மாணவியைப் பின்தொடர்ந்து மிரட்டியிருக்கின்றான். தந்தையாரைத் தேற்றி, ஆவன செய்து, மாணவியின் படிப்பு நிற்காமல் காத்தோம். எனினும், அந்த இரண்டு வாரத்தை அவருக்கு நம்மால் திருப்பித் தர இயலவில்லை.

“பின்தொடர்கின்றான், அச்சுறுத்துகின்றான்” என்று சொல்ல நாணிய பெண்ணுக்கு அவ்வாங்கிலச் சொல் ஒரு திரையாயிற்று. கேட்ட நமக்கோ அது ஒரு சாக்காயிற்று. 1998இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டமும் முதலில் ‘ஈவ் டீசிங்’ என்னும் பெயரையே தாங்கியிருந்தது. கேலி, சீண்டல் என்று ஒலிக்கும் அப்பெயர் குற்றத்தின் கொடுமையை மறைத்தது. பின்னர்த் தலைப்புத் திருத்தப்பெற்று, பெண்ணைத் துன்புறுத்தல் என்னும் பொருள் தெளிவாக இடம்பெற்றது. பெயர் சரியானால்தான் பிழை கண்ணுக்குப் புலப்படும்.

தமிழ் காட்டும் வேறுபாடு

குறை ஆங்கில மொழியினது என்று நாம் கூறவில்லை. மண்கட்டிகளைக் கிழித்துச் செல்லும் உழவுக் கருவியின் பெயரிலிருந்து ‘ஹாரோயிங்’ என்னும் சொல்லை ஆங்கிலேயர் படைத்தனர். நெஞ்சைக் கிழிக்கும் துயருக்கு அது உரியது. முகம் வெளிறச் செய்யும் கொடுமைக்கு ‘அப்பாலிங்’ என்றனர். அவர்கள் ஆய்ந்து ஆளும் பல சொற்களுள் ஒன்றை மட்டும் எடுத்துவந்து எல்லா இடத்திலும் நிரப்பியவர் நாமே. கண்ணில் விழுந்த தூசுபோல் உறுத்தல், கைக்குத் தட்டுப்படும் நெருடல், உடல் நடுங்கும் பதைப்பு, உள்ளே கொதிக்கும் குமுறல், முகஞ்சுளிக்கும் அருவருப்பு என நம்மிடம் உள்ள சொற்கள் எத்தனை! ஒவ்வொன்றும் ஒரு தனி வலி.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி என்று உணர்வுகளைப் பிரித்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கின்றது என்றும் வகுத்தார். இழப்பும் வறுமையும் அழுகைக்குக் காரணங்களாகின்றன. உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிவித்தல், வைதும் அடித்தும் வருத்துதல், கொலை ஆகியவை வெகுளிக்குக் காரணங்களாகின்றன. இழப்பைக் கண்டால் அழுக. அநீதியைக் கண்டால் சினக்க என்பது இதனால் நாம் பெறும் தெளிவு.

நம் பகுதி முஸ்லிம் இல்லங்களின் வழக்கிலும் இத்தெளிவைக் காணலாம். ‘முசீபத்து’ என்றால் வந்து தாக்கிய துன்பம். அதற்கு மறுமொழி பொறுமை. ‘பித்னா’ என்றால் மனிதர் மூட்டிவிடும் குழப்பம். அதற்கு மறுமொழி தடுத்து நிறுத்துதல். இவை அரபியிலிருந்து வந்த சொற்களே. ஆயினும் பொருள் வேறுபாட்டை உடன்கொண்டு வந்து தமிழை வளப்படுத்தின. ஆதலால் கடன் வாங்குதல் குற்றமன்று. பல சொற்களை விற்று ஒரு சொல்லை வாங்குதலே குற்றம்.

‘டிஸ்டர்பிங்’ என்னும்போது நாம் நம் மன அமைதி கெட்டதையே சொல்லுகின்றோம். துன்புற்றவர் யார், துன்புறுத்தியவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம். அன்று நம்முன் நின்ற மாணவியின் நிலை, தொல்காப்பியர் வகுத்தபடி, நம் வெகுளிக்கு உரியது. நாமோ அவருக்கு இருக்கையை மாற்றிக் கொடுத்தோம். ஆகவே, இனி ஒருவர் அச்சொல்லோடு நம்மை நாடி வந்தால், “என்ன நடந்தது? தமிழில் சொல்லம்மா” என்று கேட்போமாக. சொல்லி முடிக்கும்வரை அமர்ந்து கேட்போமாக.