வாங்கச் சொல்லும் வதந்தியும் வட்டிக் கடையும்

ரூபாயின் மதிப்பு ஆட்டம் காணும்போதெல்லாம், சர்க்கார் மாறப் போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், கடைத்தெருவில் ஒரே கூக்குரல்: "இன்றைக்கே வாங்கிப் போடு, நாளைக்கு எட்டாது!" மகள் கல்யாணத்துக்கு இரண்டு பவுன் சேர்க்க நினைக்கும் ஆலைத் தொழிலாளியும், தையல் மிஷின் வாங்க ஆசைப்படும் விவசாயக் கூலியும் இதைக் கேட்டுக் கலங்குகிறார்கள். வாங்குவதா, பொறுப்பதா?

நடந்ததைப் பார்ப்போம். 1966 ஜூன் 6 அன்று நாணய மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாயிற்று. டாலர் கணக்கில் 100 ரூபாய்க்கு வந்த சரக்குக்கு 157 ரூபாய் எண்ணி வைக்க வேண்டியதாயிற்று. அன்று பொறுத்திருந்தவனுக்கு நஷ்டம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்றார்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அவைதான். சிறுகச் சிறுக ரொக்கம் சேர்த்து வைத்திருந்த ஏழைகள் வேலையை விட்டுவிட்டு பாங்கி வாசலில் நாள்கணக்கில் நின்றார்கள். கறுப்புப் பணம் ஒழிந்ததா? அந்த நோட்டுக்களில் 99 சதவிகிதத்துக்கு மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் பாங்கியே பின்னர் கணக்குக் காட்டியது.

இரண்டு முறையும் நாள் குறித்து நமக்கு யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டார்கள். ஆகவே, "நாளைக்கு ஏறும்" என்று அடித்துச் சொல்கிறவர் யார், அவர் விற்கும் சரக்கு எது என்று முதலில் கேளுங்கள்.

பயத்தில் கடன் வாங்குவதுதான் பெரும் ஆபத்து. 10,000 ரூபாய் மிஷினை மூன்று வட்டிக்குக் கடன் பட்டு வாங்கினால், மாதம் 300 ரூபாய் வட்டி, வருஷத்துக்கு 3,600. பொறுத்திருந்து, இதற்குள் விலை 2,000 ரூபாய் ஏறியிருந்தாலும், அவசரப்பட்டவருக்கே 1,600 ரூபாய் நஷ்டம். அசலோ அப்படியே நிற்கும்! தேவையான பண்டம், கையில் சொந்தப் பணம், இரண்டும் இருந்தால் வாங்குங்கள். தங்கமும் வெளிநாட்டுச் சாமான்களும் டாலரோடு சேர்ந்து ஏறும் என்பது உண்மைதான். அதற்காக வட்டிக் கடைப் படியேறாதீர்கள்.

ஆனால் சிக்கனமும் நிதானமும் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம் தமிழ்ச் சகோதரர்களைப் பாருங்கள். நீண்ட காலம் போராடி, 2021-ல் நாள் கூலி 1,000 ரூபாய் என்று பெற்றார்கள். அப்போது ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். அந்தக் கூலி 5 டாலர் பெறும். 2022 மே மாதத்தில் டாலர் 350 ரூபாயைத் தாண்டியது. அதே ஆயிரம் ரூபாய் 3 டாலர்கூடப் பெறவில்லை. அவர்கள் எந்தக் கடையிலும் தவறான நாளில் எதையும் வாங்கவில்லை. கூலியின் வாங்கும் சக்தியே பறிபோயிற்று!

பெருமுதலாளி தன் பணத்தை நிலமாக, தங்கமாக, பங்காக மாற்றிப் பத்திரப்படுத்திக்கொள்கிறான். தொழிலாளியின் சொத்து அவன் கூலி ஒன்றுதான். அந்தக் கூலிக்குக் காவல் வேண்டாமா? விலைவாசி ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் முழுப் பஞ்சப்படி கேட்போம். அதே பாதுகாப்பை விவசாயக் கூலிக்கும் கேட்போம். கல்யாணத்துக்கும் தொழில் கருவிக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக் கடன் கேட்போம்.

நல்ல நாள் பார்த்து வாங்குவது தனி மனிதன் செய்யும் காரியம். அதில் சில சமயம் ஜெயிக்கலாம், சில சமயம் தோற்கலாம். கூலியின் மதிப்பைக் காப்பது சங்கத்தின் காரியம். வதந்தி கேட்டுக் கடைக்கு ஓடும் முன், தோழர்களே, சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள்!